மாவீரன் சுந்தரலிங்கனாரும் சிலம்பக் கலையும்

கொற்கை என்றதும் முத்தும் பாண்டியரும் நினைவுக்கு வருதல் இயல்பு. தாமிரபரணி கடலொடு கலந்த இடத்தில் பெருந்துறையாய் விளங்கிய இவ்வூரிலிருந்து இன்று கடலைக் காண விரும்புவோர் கிழக்கே பல கல் தொலைவு செல்லல் வேண்டும். ஆறு கொணர்ந்த வண்டல் துறையைத் தூர்த்தது, கடல் விலகிற்று, கலங்கள் நின்ற இடம் வயலாயிற்று. எனினும் 1968-69ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 785ஆம் ஆண்டளவினது எனக் கணிக்கப்பெற்றது. ஊர் மறந்ததை மண் மறவாது காத்து வைத்திருந்தது.

மண்ணில் புதைந்தவற்றை அகழ்ந்து காணலாம். மனிதர் நெஞ்சில் மட்டும் வாழ்ந்தவற்றை எங்ஙனம் அகழ்ந்து காண்பது? நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு பெரியார் வரலாற்றை எழுதுமாறு நண்பர்கள் பணித்தபோது இக்கேள்வியே என் முன் நின்றது. நம் பகுதியில் பேர் அறியாதார் இலர் எனத்தக்க ஒருவரையும், அவர் கையில் சிறந்து பின்னர் நம் கையினின்று நழுவிய ஒரு கலையையும் சேர்த்து எழுதத் துணிந்தேன். அவர் மாவீரன் சுந்தரலிங்கனார், அக்கலை சிலம்பம்.

கம்பும் காலடியும்

சிலம்புதல் என்பதற்கு ஒலித்தல் என்று பொருள். காற்றைக் கிழித்துச் சுழலும் கம்பின் ஒலியால் இக்கலைக்குச் சிலம்பம் என்னும் பெயர் வந்தது என்பர். பாமர மக்கள் இதனைக் கம்பு விளையாட்டு என்றும், கம்பு சுற்றுதல் என்றும் வழங்குவர். காண்போர் கண்ணுக்குக் கம்பே பெரிதாகத் தோன்றும். கற்போனுக்கோ காலடியே முதற்பாடம். முன்வைப்பு, பின்வைப்பு, பக்கம் விலகல், திரும்புதல் எனக் கால்கள் பழகிய பின்னரே ஆசான் கம்பைக் கையில் தருவார். நிற்பவன் நெற்றி அளவுக்கு உயர்ந்த கெட்டி மூங்கிலைத் தேர்ந்து, அனலில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் பூசிப் பதப்படுத்திக் கொள்வர். நெடுங்கம்பில் தேர்ந்தவன் குறுந்தடி, மான்கொம்பு, சுருள்வாள், வாள், ஈட்டி எனப் படிப்படியே ஏறுவான். ஆதலின் சிலம்பம் எல்லாப் படைக்கலப் பயிற்சிக்கும் அரிச்சுவடியாக விளங்கிற்று.

இக்கலை அரண்மனையில் பிறந்ததன்று. இரவில் மடை திறக்கச் செல்பவன் தோளில் மண்வெட்டியும் கையில் கம்பும் இருக்கும். பாம்பை விலக்கவும், பன்றியை விரட்டவும், களத்து மேட்டில் நெல்லைக் காக்கவும் அக்கம்பு பயன்பட்டது. நம் முன்னோரில் குடும்பன் எனப்பட்டவர் ஊர்த் தலைமையோடு நீர்ப் பங்கீட்டையும் மேற்பார்த்தவர். நீரைக் காப்பவன் ஊரைக் காப்பவனும் ஆகின்றான். உழைப்பாளியின் கைத்துணையாக இருந்த கம்பே பயிற்சியால் கலையாயிற்று. தேவை நேர்ந்தபோது படைக்கலமும் ஆயிற்று.

பாளையங்களின் காலம்

அத்தகைய தேவையைப் பாளையப்பட்டு ஆட்சி உண்டாக்கிற்று. 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் அரசை நிறுவிய விசுவநாத நாயக்கரும் அவர்தம் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்தனர் என்பது வரலாறு. வரி தண்டல், படை திரட்டல், காவல் புரிதல் ஆகியன பாளையக்காரரின் கடமைகள். நிலையான பெரும்படைக்கு ஊதியம் தர அவர்களுக்கு வசதி இல்லை. உழும் காலத்தில் உழுது, அழைக்கும் காலத்தில் படைக்கலம் ஏந்தும் மக்களே அவர்தம் படையாயினர். ஆதலின் ஊர்தோறும் பயிற்சிக் களம் தேவைப்பட்டது; ஆசானுக்கு மதிப்பும் மானியமும் கிடைத்தன. சிலம்பம் மிக உயர்ந்து நின்ற காலம் இதுவே.

படைக்கு ஆள் வேண்டியபோது வீரமே தகுதியாயிற்று. நெல்கட்டும்செவல் புலித்தேவரின் படைத்தலைவராக ஒண்டிவீரன் விளங்கினார் என மக்கள் போற்றுகின்றனர். அருந்ததியர் குலத்தில் தோன்றிய அவருக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் உண்டு. 2022ஆம் ஆண்டில் அஞ்சல் தலையும் வெளியிடப்பெற்றது. பாஞ்சாலங்குறிச்சியில் அத்தகைய இடத்தைப் பெற்றவர் சுந்தரலிங்கனார்.

கவர்னகிரியின் மைந்தர்

தாமிரபரணிக் கரையின் நஞ்சையை விட்டு வடக்கே சென்றால் நிலத்தின் நிறம் மாறும். ஆற்றுப் பாய்ச்சல் எட்டாத கரிசல் பூமி அது. பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தை நம்பி விளையும். வ. உ. சிதம்பரனார் பிறந்த ஒட்டப்பிடாரத்தை அடுத்துள்ள அப்பகுதியிலேயே பாஞ்சாலங்குறிச்சியும் இருக்கிறது. சுந்தரலிங்கனாரின் கவர்னகிரியும் இருக்கிறது. தேவேந்திர குலத்துக் குடும்பன் மரபில் அவர் தோன்றினார். ஆதலின் சுந்தரலிங்கக் குடும்பனார் என்றும் அவரை வழங்குவர். அவர்தம் பிறந்த நாளாக ஏப்ரல் 16 கொண்டாடப்படுகிறது.

அவர் இளமை பற்றி நாம் அறிவன பெரிதும் செவிவழிச் செய்திகளே. இளமையிலேயே சிலம்பமும் வாளும் ஈட்டியும் பயின்று தேர்ந்தார் என்றும், தம் ஊர்க் காவலில் அஞ்சாது நின்றார் என்றும், அப்புகழைக் கேட்ட வீரபாண்டிய கட்டபொம்மன் அவரைத் தம் படையில் சேர்த்துக் கொண்டார் என்றும் முதியோர் கூறுவர். படிப்படியே உயர்ந்து படைத்தலைவர்களுள் ஒருவரானார். ஊமைத்துரை, வெள்ளையத்தேவன், தானாபதி சுப்பிரமணிய பிள்ளை எனப் பல குலத்தோர் கூடி நின்ற அவையில் சுந்தரலிங்கனாரும் ஒருவராய் நின்றார் என்பதை இளைஞர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும். பிறப்பை நோக்கி இடம் வகுத்த அந்நாளில் அவர் அவ்விடத்தைத் தம் ஆற்றலால் பெற்றார்.

1799ஆம் ஆண்டுப் போர்

1792இல் ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் நேரே கப்பம் தண்டும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது. கப்பப் பாக்கி குறித்துக் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை ஊர் ஊராக அலைய வைத்து, 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்தித்தார். அங்கு நிகழ்ந்த கைகலப்பில் கம்பெனியின் படை அலுவலர் கிளார்க் உயிரிழந்தார். தானாபதி பிள்ளை சிறைப்பட்டார். கட்டபொம்மன் தப்பி மீண்டார். ஜாக்சன் நீக்கப்பெற்று லூசிங்டன் கலெக்டரானார். எனினும் பகை தணியவில்லை.

1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கருங்கல் கோட்டையன்று அது. மண்ணால் எழுப்பிய கோட்டை. ஆயினும் உள்ளிருந்தோர் நீண்ட ஈட்டிகளோடு நின்று முதல் தாக்குதலை முறியடித்தனர். ஆங்கில அலுவலர் சிலர் அங்கே மடிந்தனர். துப்பாக்கியும் பீரங்கியும் உடைய படையை மண்சுவரின் பின் நின்ற உழவர்கள் தடுத்து நிறுத்தினர் எனில், அவர்தம் கைப்பழக்கமும் காலடிப் பழக்கமும் எத்தகையனவாய் இருந்திருக்கும்!

இப்போரின்போதுதான் சுந்தரலிங்கனார் உயிர் நீத்தார். கம்பெனிப் படையின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்தாலன்றிக் கோட்டை நிலைக்காது என்று உணர்ந்த அவர், தம் முறைப்பெண் வடிவு என்னும் வீரமங்கையோடு சென்று, தீயுடன் அக்கிடங்கினுள் பாய்ந்து, அதனை வெடிக்கச் செய்து, இருவரும் உயிர்ப்பலி ஆயினர் என்பது தலைமுறை தலைமுறையாய் வரும் செய்தி. இன்று அரசு விழா மேடைகளிலும் இதுவே சொல்லப்படுகிறது. கம்பெனி அலுவலரின் மடல்களும் அறிக்கைகளும் பாளையக்காரரின் பெயர்களையே பெரிதும் பேசுவன. படையில் நின்று மடிந்தோரின் பெயர்களை நாட்டுப்புறப் பாடல்களும் கிராமத்து நினைவுமே காத்தன. எது ஏட்டில் உள்ளது, எது நாவில் உள்ளது என்று பிரித்தறிதல் வரலாறு கற்போர் கடமை. அங்ஙனம் பிரித்தறிந்த பின்னும் நாவில் உள்ளதை இகழ்தல் தகாது. எழுதுகோல் மறுக்கப்பட்ட மக்களுக்கு நாவே ஏடாக இருந்தது.

பெரும்பீரங்கிகளும் கூடுதல் படையும் வருவதறிந்து கட்டபொம்மன் கோட்டையை நீங்கினார். புதுக்கோட்டைத் தொண்டைமான் அவரைப் பிடித்துக் கம்பெனியாரிடம் ஒப்படைக்க, 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

கலையின் வீழ்ச்சி

சுந்தரலிங்கனாரின் வாழ்வு அத்துடன் முடிந்தது. அவர் பயின்ற கலையின் துன்பம் அப்போதுதான் தொடங்கிற்று. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாள்களில் மீண்டும் எழுப்பினார். மார்ச் 31ஆம் நாள் மேஜர் மெக்காலே தாக்கித் தோற்றார். மே 24ஆம் நாள் கர்னல் அக்னியு பெரும்படையுடன் கோட்டையைக் கைப்பற்றினார். அவ்வாண்டு அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலும், நவம்பரில் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர்.

1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களின் மக்கள் படைக்கலம் வைத்திருத்தல் தடை செய்யப்பட்டது, மீறுவோர் கடுந்தண்டனைக்கு உரியரென அறிவிக்கப்பட்டது, கோட்டைகள் தரைமட்டமாக்கப்பட்டன. 1803இல் பாளையங்கள் நிலையான தீர்வை கட்டும் ஜமீன்களாயின. பாளையக்காரரின் காவல் உரிமைகளும் பறிக்கப்பட்டன. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் புதிய போலீஸ் துறை அமைந்தது. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமமின்றிப் படைக்கலம் வைத்திருப்பதை நாடு முழுவதும் குற்றமாக்கிற்று.

இவற்றின் விளைவை எண்ணிப் பார்ப்போம். படை இல்லை, ஆதலின் படைப்பயிற்சி வேண்டுவதில்லை. காவல் இல்லை, ஆதலின் காவற்காரனுக்கு வேலை இல்லை. மானியம் இல்லை, ஆதலின் ஆசானுக்குச் சோறு இல்லை. வாளும் ஈட்டியும் வளரியும் முதலில் மறைந்தன. வளைந்த எறிகருவியாகிய வளரியை எறியும் முறையைச் சின்ன மருது தமக்குக் கற்பித்தார் என்று வெல்சு என்னும் ஆங்கிலப் படை அலுவலர் 1830இல் வெளியிட்ட தம் நினைவுநூலில் எழுதினார். அவரே 1801இல் கம்பெனிப் படையில் இருந்து போரிட்டவர். நம் கலையைப் பற்றிய ஒரு சான்று எதிரியின் எழுதுகோலால் நமக்குக் கிடைத்திருக்கிறது. அது நமக்குப் பெருமையும் தரும், வருத்தமும் தரும்.

கம்பு மட்டும் தப்பியது. உழவன் கைக் கம்பை எச்சட்டம் பறிக்கும்? அது கோயில் கொடை விழாவிலும் ஊர்வலத்திலும் விளையாட்டாய் வாழ்ந்தது. ஆனால் போருக்குரிய அடிகளும் தடைகளும் மறைய, கண்ணைக் கவரும் சுழற்சியும் தீப்பந்தமுமே எஞ்சின. மலேயாத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர் அங்கும் இதனைக் கொண்டு சென்று காத்தனர். பின்னாளில் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படங்கள் சிலம்பத்தின்மீது மக்களுக்கு மீண்டும் ஆவலை மூட்டின.

என் பாட்டனாரின் கம்பு

இங்கே என் குடும்பச் செய்தி ஒன்றைக் கூற வாசகர் பொறுத்தருள்க. என் பாட்டனார் கம்பு விளையாட்டில் தேர்ந்தவர். கூரை இறவாணத்தில் செருகி வைத்த அவர் கம்பு ஆண்டுக்கு ஒருமுறை, கொடை விழாவின்போது மட்டும் கீழிறங்கும். களத்தில் அவர் சுழலும்போது கம்பு கண்ணுக்குத் தெரியாது. ஒலி மட்டுமே கேட்கும். ஆனால் களத்துக்குச் செல்லும் வழியில் ஒரு தெரு உண்டு. அத்தெருவில் நுழையுமுன் கம்பைக் கக்கத்தில் இடுக்கித் தலை தாழ்த்துவார். கடந்த பின்னரே நிமிர்வார். சிறுவனாகிய எனக்கு அதன் பொருள் அப்போது விளங்கவில்லை. படைத்தலைவரைத் தந்த மரபின் வாரிசு தன் கம்பைத் தானே மறைத்துச் செல்ல நேர்ந்ததைக் காட்டிலும் இக்கலையின் வீழ்ச்சிக்கு வேறு சான்று வேண்டுமோ?

அவர் கைநாட்டு வைப்பவர். தாம் அறிந்த காலடிகளை ஒருவருக்கும் எழுதித் தர அவரால் இயலவில்லை. தம் மகனுக்குக் கற்பிக்கவும் அவர் விரும்பவில்லை. கம்பெடுத்தால் வழக்கு வரும், பலகையெடுத்தால் வாழ்வு வரும் என்று கருதி என் தந்தையைப் பள்ளிக்கு அனுப்பினார். அம்முடிவால்தான் நான் இன்று ஆசிரியனாய் இம்மலரில் எழுதுகின்றேன். அவர் மறைந்தபோது அவர் அறிந்த காலடிகளும் அவரோடு மறைந்தன. நம் முன்னேற்றத்துக்கு நாம் கொடுத்த விலைகளுள் அதுவும் ஒன்று. பாட்டனார் செய்தது சரியே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒன்றைக் காக்க மற்றொன்றை விட்டாக வேண்டிய நிலை அவருக்கு இருந்தது. நமக்கு இன்று அந்நிலை இல்லை என்பதே நான் கூற விரும்புவது.

பெயரும் பேருந்தும்

சுந்தரலிங்கனாரின் பெயரும் ஒருமுறை எழுதப்பட்டு அழிக்கப்பட்டதை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1997ஆம் ஆண்டில் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு அரசு தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. அப்பேருந்தில் ஏறமாட்டோம் என்று சிலர் எதிர்த்தனர், தென்மாவட்டங்களில் கலவரங்கள் மூண்டன, உயிர்கள் மாண்டன. முடிவில் அவ்வாண்டிலேயே எல்லாப் போக்குவரத்துக் கழகங்களினின்றும் மாவட்டங்களினின்றும் தலைவர் பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. நாட்டுக்காக உயிர் நீத்தவராய்ப் போற்றப்படும் ஒருவரின் பெயரைத் தாங்கிய வண்டியில் அமர்வதும் இழிவு என்று கருதிய உள்ளங்கள், விடுதலை பெற்று 50 ஆண்டுகள் ஆகும் வேளையிலும் இருந்தன.

இக்காலத்தில் நிலைமை சற்றே மாறியிருக்கிறது. கவர்னகிரியில் அவருக்கு அரசு மணிமண்டபம் அமைத்துள்ளது. பிறந்த நாளில் அரசின் சார்பில் மாலை சூட்டுகின்றனர். சிலம்பமும் மீண்டும் தலை நிமிர்ந்துள்ளது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆண்பிள்ளைகளுக்கு இணையாகப் பெண்பிள்ளைகளும் கம்பு சுற்றுவதைப் பள்ளி விழாக்களில் காண்கின்றேன். வடிவின் பெயரை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

இளைஞர்களுக்கு

இளைஞர்களே! சுந்தரலிங்கனாரின் வரலாறு நமக்கு மூன்று கடமைகளைக் காட்டுகிறது.

முதலாவது, சிலம்பத்தைப் பயிலுங்கள். உடல் நிமிரும், கண் கூர்மையாகும், சினம் அடங்கும். ஆசான் கம்பைத் தருமுன் மண்ணைத் தொட்டு வணங்கச் சொல்வதன் பொருள் அடக்கமே. பயின்ற கம்பை அண்டை ஊரான்மீது ஓங்குபவன் சுந்தரலிங்கனாரின் வழித்தோன்றல் ஆகான். பல குலத்தோர் கூடி நின்ற படையில் அவர் போரிட்டார் என்பதை மறவற்க.

இரண்டாவது, முதியோரிடம் கேளுங்கள். நம் ஊர்களில் பழைய காலடிகளை அறிந்தோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களை நாடிச் சென்று, ஒவ்வோர் அடியையும் வரைந்தும் எழுதியும், இயலுமாயின் படம் பிடித்தும் வையுங்கள். கைபேசி இல்லாத இளைஞரை இன்று நான் காணவில்லை. என் பாட்டனாரிடம் யாரும் கேட்டு எழுதவில்லை. உங்கள் பாட்டனாரிடமேனும் கேளுங்கள்.

மூன்றாவது, வரலாறு கற்றுப் பட்டம் பெறுங்கள். ஆவணக் காப்பகங்களில் கம்பெனிக் காலத்து ஏடுகள் உள்ளன. அவற்றைப் படித்து, நம் நாட்டுப்புறப் பாடல்களோடு ஒப்பிட்டு, ஐயத்துக்கு இடமின்றிச் சுந்தரலிங்கனாரின் வரலாற்றை எழுதும் அறிஞர் நம்மிடையே தோன்றல் வேண்டும். சுவரில் எழுதிய பெயரை அழிக்கலாம். பேருந்தில் எழுதிய பெயரையும் அழிக்கலாம். சான்றோடு எழுதப்பட்ட நூலை அழித்தல் அரிது.

25 ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளின் கையில் எழுதுகோலைக் கொடுத்து வருகிறது. கொற்கையின் கடல் திரும்பி வராது. ஆனால் கொற்கையின் பழமை ஏட்டில் ஏறிவிட்டது. இனி அது மறையாது. கவர்னகிரி வீரனின் வரலாறும், அவர் கையில் சுழன்ற கம்பின் கலையும் அவ்வாறே ஏடேறுதல் வேண்டும். அந்நூலை எழுதப்போகும் பிள்ளை இம்மலரைப் படிப்போரிடையே இருத்தல் கூடும். அப்பிள்ளையின் வரவை எதிர்நோக்கி இக்கட்டுரையை நிறைவு செய்கின்றேன்.

வாழ்க மாவீரன் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!